ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு எதற்கு அனுமதி?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. சோழிங்கநல்லூர் சிக்னலில் திரும்பி, பழைய மகாபலிபுரம் சாலையின் இடது ஓரமாக இருபத்து மூன்று சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி வாரியக் குடியிருப்புகளில் இருந்து கிளம்பிய பிள்ளைகள். துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர்ப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அங்கே சேர்ந்துகொண்டு மெரினா வரை போய், கடலைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்குத் துரைப்பாக்கம் வரைகூடப் போகவில்லை. ரோந்து வண்டி ஒன்று முன்னால் வந்து நின்றது.

“எந்த ஏரியாடா?” இது முதல் கேள்வி. “பெரும்பாக்கம் சார்” என்று பதில் வந்ததுமே அடுத்த கேள்வி வந்துவிட்டது: “சைக்கிளுக்கு பில் இருக்கா?”

இருபத்து மூன்றில் பதினைந்துக்கு மேல் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். பதினோராம் வகுப்பில் பள்ளியில் வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தது. தமிழ்நாடு அரசின் முத்திரை அதன் மேலேயே இருக்கிறது. அதற்கு யார் பில் கொடுத்தார்கள்? அரசாங்கத்தின் முத்திரை பொறித்த சைக்கிளைப் பார்த்து அரசாங்கத்தின் சம்பளம் வாங்குபவர் “திருட்டு வண்டியா?” என்று கேட்கிறார். பிள்ளைகள் சிரிக்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் நின்றார்கள். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஆய்வு மாணவருக்கான அடையாள அட்டையைக் காட்டியதும் ‘டேய்’ நின்று ‘மேடம்’ வந்தது. ஆனாலும் அரை மணி நேரம் நிற்கவைத்துப் பெயர், அப்பா பெயர், பிளாக் எண், கதவு எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் திருப்பி அனுப்பினார்கள். “கூட்டமா சுத்தறதுன்னா பெர்மிஷன் வாங்கிட்டு சுத்துங்க.”

அந்த அரை மணி நேரத்திலேயே இன்னொரு சைக்கிள் கூட்டம் எங்களைக் கடந்து போனது. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தலைக்கவசம், உடம்போடு ஒட்டிய உடை, என் ஓராண்டு உதவித்தொகைக்கும் மேல் விலைபெறும் வண்டிகள். அவர்களும் கூட்டமாகத்தான் போனார்கள், சாலையின் நடுப்பகுதி வரை பரவித்தான் போனார்கள். அவர்களை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. அவர்களில் ஒருவர் மட்டும் திரும்பி வந்து, எங்கள் பக்கத்தில் இறங்கி நின்று, கடைசிவரை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நின்றதால் காவலரின் குரல் கொஞ்சம் இறங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வு மறுகுடியமர்வுக் குடியிருப்புகளைப் பற்றியது. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த குடும்பங்களை, குறிப்பாக 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு, வண்டி வண்டியாக ஏற்றிப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களில் இறக்கினார்கள். இவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள் என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரிந்த செய்தி. கண்ணகி நகர் அதற்கும் முந்தையது. இடம் மாறியதில் வேலை போனது, பள்ளி போனது. ஆய்வேடுகளில் அதிகம் வராத இன்னொன்றும் போனது: நகரத்துக்குள் நடந்து திரியும் உரிமை. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்த பையன் எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் மெரினாவுக்கும் நடந்தே போவான். பெரும்பாக்கத்தில் இருந்து மெரினா இருபது கிலோமீட்டருக்கும் மேல். இந்தச் சைக்கிள் பயணம் தொடங்கியதே அப்படித்தான். “அக்கா, எங்க பழைய வீட்டாண்ட போய்ப் பாத்துட்டு வரலாமா?” என்று ஒருவன் கேட்டான். போனோம். வீடு இருந்த இடத்தில் கம்பிவேலி இருந்தது. அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் பதினொரு பேர்.

இதற்குத் தலைவர் கிடையாது, பதிவு எண் கிடையாது, பேனர் கிடையாது. அதுதான் இப்போது சிக்கல்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு உரிய காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொண்டுபோனோம். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. பேச்சு இன்னும் முடியவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தவர் கேட்ட கேள்விகள் வரிசையாக இவை: தலைவர் யார்? சங்கம் எங்கே பதிவானது? எந்தக் கட்சி? எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? அசம்பாவிதம் நடந்தால் யார் பொறுப்பு? கடைசியாக, தயங்கித் தயங்கி, “கொடி கட்டுவீங்களா?” என்ன நிறக் கொடி என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் போனோம். அங்கே மரியாதையாகவே உட்காரவைத்துப் பேசினார்கள். “நல்ல விஷயம்தாங்க. ஆனா போலீஸ் என்.ஓ.சி. குடுத்தா எங்களுக்கு ஆட்சேபணை இல்ல” என்றார்கள். காவல் நிலையத்தில் “கார்ப்பரேஷன் ஓகே சொன்னா பாக்கலாம்” என்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தவர்களுக்கு இந்தப் பந்தாட்டம் புதிதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சென்னையில் கூட்டம், ஊர்வலம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவைத்தான் எடுக்கிறார்கள். ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன்கீழ் வரும் நடைமுறை. பதினைந்து நாளுக்கு மிகாமல் தடை விதிக்கலாம் என்று சட்டம் சொன்னதை, பதினைந்து பதினைந்து நாளாகப் புதுப்பித்து ஆண்டு முழுக்கத் தடையாக்கி வைத்திருப்பது போராட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெள்ளைக்காரன் தனக்கு எதிராகக் கூட்டம் சேராமல் இருக்க எழுதியதை வைத்துக்கொண்டு, பதினாறு வயதுப் பிள்ளைகள் கடல் பார்க்கப் போவதை அளக்கிறார்கள்.

பேச்சுக்கு இது ஊர்வலம் என்றே வைத்துக்கொள்வோம். அகமதாபாத் காவல் ஆணையருக்கு எதிராக ஹிமத் லால் ஷா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-லேயே தெளிவாக்கிவிட்டது: பொதுச் சாலையில் மக்கள் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், எந்த அளவுகோலும் இல்லாமல் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டு மறுக்க முடியாது. எங்களுக்கு எழுத்தில் மறுப்புகூட வரவில்லை. ‘பாக்கலாம்’ என்பதற்கு எந்த மேல்முறையீடும் கிடையாது. அதனால்தான் அதிகாரிகளுக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடிக்கிறது.

ஆனால் இந்தப் பக்கத்தில் நான் முதன்மையாகச் சுட்ட விரும்புவது இன்னொரு சட்டம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3-ஆம் பிரிவில் குற்றங்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. அதில் ஒன்று: பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதைத் தடுப்பது. சைக்கிள் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. செருப்பு, புதுத்துணி, திருமண ஊர்வலம் எல்லாம் அதே வரியில் வருகின்றன. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இந்திய நாடாளுமன்றம் சைக்கிள் ஓட்டும் உரிமைக்குத் தனியாகச் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால், இந்த நாட்டுச் சாலைகளைப் பற்றி அதற்கு மேல் என்ன சொல்ல?

ரோந்துக் காவலர் மீது இந்தப் பிரிவில் வழக்குப் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் எங்களை நிறுத்தியதன் பின்னால் இருந்தது என்ன என்று அந்த வரி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். சேரிப் பிள்ளை சைக்கிளில் ஊர்த்தெருவுக்குள் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தென்மாவட்டக் கிராமங்களில் எத்தனை தலைமுறையாக இருந்தது என்று அவரவர் தாத்தாவைக் கேட்டால் போதும். 1930-இல் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பவை அதில் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். குடை, செருப்பு, சைக்கிள், புல்லட். காலத்துக்கு ஏற்பப் பொருள்தான் மாறுகிறது.

சாலை என்பது நம் இயக்கத்துக்குப் புதிய களம் அல்ல. 1893-இல் அய்யன்காளி வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, திருவிதாங்கூரின் தடைசெய்யப்பட்ட சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். யாரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு போகவில்லை. 1924-இல் வைக்கத்தில் கேட்டது கோயிலுக்குள் போகும் உரிமை அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கும் உரிமை. பெரியார் இருமுறை சிறை போனது அந்தத் தெருவுக்காக. அதே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் முதலானோரின் முயற்சியால், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எந்த வகுப்பாருக்கும் தடை கூடாது என்ற தீர்மானம் வந்தது. அதன் வழியில்தான் நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் கூறில் சாலைகள் என்ற சொல்லும் இடம்பெற்றிருக்கிறது. நூறாண்டு கழித்து, அரசியல் சட்டம் கையில் இருக்கும்போது, பெரும்பாக்கத்துப் பையன் பில் தேடுகிறான்.

சைக்கிளை அரசு எப்போதுமே சந்தேகத்தோடுதான் பார்த்ததா என்றால் இல்லை. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், சைக்கிள் கற்பது எழுத்துக் கற்பதோடு சேர்ந்தே நடந்தது. 1992 மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் சைக்கிளில் அந்த நகரத்தையே நிறைத்தார்கள். சாய்நாத் அதை எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதைத்தான் விரும்பினார்கள். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஆட்சியர் ஏற்பாடு செய்தார். ஊரில் கேலி பேசினார்கள், ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். நிர்வாகம் அந்தப் பேச்சின் பக்கம் நிற்கவில்லை, பெண்களின் பக்கம் நின்றது. பிறகு பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டி படிப்படியாக எல்லோருக்குமானது. எனக்கும் கிடைத்தது. சீட்டு கிழிந்து, பெடல் ஒன்று மாற்றி, இன்றைக்கும் அம்மா வீட்டில் இருக்கிறது. கொடுத்த அரசு அதை எங்கே ஓட்டுவது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டது.

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை வகுத்தது. நாட்டிலேயே முன்னோடி என்று பாராட்டும் வாங்கியது. போக்குவரத்து நிதியில் அறுபது விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று அதில் எழுதப்பட்டது. அதே ஆண்டு பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையை ஞாயிறு காலையில் மூடி, குடும்பத்தோடு வந்து விளையாடவும் சைக்கிள் ஓட்டவும் விட்டார்கள். முதலமைச்சரே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் படங்கள் 2021-இல் வெளியாயின. எல்லாம் நல்லதே. பெசன்ட் நகரில் சாலையை மூடித் தர முடிகிற நிர்வாகத்திடம் நாங்கள் எந்தச் சாலையையும் மூடச் சொல்லவில்லை. போகிற சாலையின் ஓரத்தில் போக விடுங்கள் என்கிறோம்.

‘தலைவர் இல்லாத கூட்டத்துக்கு எப்படி அனுமதி கொடுப்பது?’ என்ற கேள்விக்கு லண்டனில் ஒரு பதில் இருக்கிறது. 1992-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் மாஸ்’ என்ற மாதாந்திரச் சைக்கிள் கூடல் 1994 முதல் லண்டனிலும் நடக்கிறது. மாதத்தின் கடைசி வெள்ளி மாலை தேம்ஸ் கரையில் கூடுவார்கள். தலைவர் இல்லை, முடிவு செய்த பாதை இல்லை. முன்னால் போகிறவர் திரும்பினால் மற்றவர்களும் திரும்புவார்கள். 2005-இல் காவல் துறை துண்டறிக்கை கொடுத்தது: முன்னறிவிப்பு இல்லாமல் ஊர்வலம் போவது சட்டவிரோதம் என்று. வழக்கு மேலே மேலே போய், 2008-இல் பிரபுக்கள் அவை காவல் துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கமாக நடந்துவரும் ஊர்வலத்துக்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஒவ்வொரு மாதமும் பாதை மாறினாலும் இது வழக்கமான ஊர்வலமே என்றார்கள். நியூயார்க்கில் நிலைமை வேறு. அங்கே 2004 ஆகஸ்டில் ஒரே இரவில் இருநூற்றைம்பது சைக்கிள்காரர்களுக்கு மேல் கைதானார்கள். 2007-இல் ஐம்பது பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் அனுமதி வேண்டும் என்று விதி வந்தது. கெடுபிடியான அந்த விதியில்கூட நாங்கள் இருபத்து மூன்று பேர் தப்பித்துவிடுகிறோம்! அந்த ஊர்ச் சட்டங்கள் நம்மைக் கட்டுப்படுத்தா. ஆனாலும் ஓர் எண்ணிக்கையையோ ஒரு வழக்கத்தையோ அளவுகோலாக வைக்க முடியும், ஏரியா பெயர் அளவுகோலாக வேண்டியதில்லை என்பதற்கு இவை சான்று.

நம் பக்கத்திலும் இரண்டு கேள்விகள் வந்தன. ஆணவக் கொலைகளும் மலக்குழிச் சாவுகளும் நடக்கிற நேரத்தில் சைக்கிள் ஒரு பிரச்சினையா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கோபம். ஆனால் பெரும்பாக்கத்துப் பிள்ளைகள் மேல் 75 கேஸ் எப்படி விழுகிறது என்று அவருக்குத் தெரியும். பெயர், பிளாக் எண், கதவு எண் எழுதிய அந்தத் தாள் எங்கே போகும்? நாளை அந்தப் பக்கம் ஏதாவது ஒரு செல்போன் காணாமல் போனால் யார் வீட்டுக் கதவு தட்டப்படும்? அந்த இருபத்து மூன்று பேரில் நான்கு பேர் மறு ஞாயிறு வரவில்லை. ஒருவனின் அம்மா என்னிடமே சொன்னார்: “போலீஸ் புக்குல பேர் ஏறிச்சுன்னா நாளைக்கு வேலைக்கு எப்பிடி போவான்மா?” அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதுமானதாகப் படவில்லை.

இன்னொரு தோழர் நேர்மாறாகக் கேட்டார். அய்யன்காளி அனுமதி கேட்டாரா, நாம் மட்டும் ஏன் மனுவோடு அலைய வேண்டும்? எனக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் வில்வண்டியில் போனது அய்யன்காளி, தடியோடு வந்தவர்களை எதிர்கொள்ள அவரோடு ஆட்கள் இருந்தார்கள். எங்களோடு வருவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள். அவர்களை முன்னால் நிறுத்தி என் வீரத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லை. அதனால் நடுவில் ஒரு வழி எடுத்திருக்கிறோம். அனுமதி கேட்கும் மனு அல்ல, தகவல் கொடுக்கும் கடிதம். ‘அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘தங்கள் தகவலுக்காகத் தெரிவிக்கிறோம்’ என்று எழுதினோம். வார்த்தை விளையாட்டு என்று தோன்றலாம். முதல் கடிதத்துக்கு மறுப்புச் சொல்லலாம். இரண்டாவதற்கு மறுப்புச் சொல்ல வேண்டுமென்றால் காரணத்தோடு எழுத்தில் தடை விதிக்க வேண்டும். அந்தக் காரணம் என்ன என்றுதான் நாங்களும் படிக்க விரும்புகிறோம்.

அதிகாரிகளின் கவலையில் நியாயமான பகுதியும் உண்டு. அந்தச் சாலையில் விடியற்காலையில் கால் டாக்சிகளும் தண்ணீர் லாரிகளும் போகிற வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கடிதத்தில் எழுதியிருக்கிறோம்: ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் திரும்புவோம். இடது ஓரம் மட்டும்; எட்டு எட்டுப் பேராக, இடைவெளி விட்டு. ஒவ்வொரு சைக்கிளின் பின்னாலும் ஒளி எதிரொலிக்கும் பட்டை. ஒலிபெருக்கி கிடையாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வீட்டில் எழுதி வாங்கியிருக்கிறோம். பெயர்ப் பட்டியல் மட்டும் கொடுக்க மாட்டோம். தொடர்புக்கு என் பெயரும் எண்ணும் இருக்கிறது, அது போதும். கொடியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஏப்ரல் 14 அன்று யாராவது தன் சைக்கிளில் ஒரு நீலக்கொடி கட்டிக்கொண்டு வந்தால் அவிழ்க்கச் சொல்லும் வேலையை நாங்கள் செய்யப்போவதில்லை.

ஒரு சின்ன மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முறை போனபோது, நிலையத்தில் இருந்த ஒரு பெண் காவலர் கடிதத்தின் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். அவருக்கும் அரசாங்கச் சைக்கிள்தான் கிடைத்ததாம், விழுப்புரம் பக்கம் ஏதோ பள்ளியில். “எனக்கு அப்போ ஓட்டத் தெரியாது மேடம், தள்ளிக்கிட்டே வீடு வரைக்கும் போனேன்” என்றார். மேலதிகாரி வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது கடிதம் திங்கட்கிழமை துணை ஆணையர் அலுவலகத்துக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் போகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்த வரியை இந்த முறை அடிக்கோடிட்டு இணைத்திருக்கிறோம். வழக்கறிஞர் தோழர்கள் இருவர் கூட வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வருகிற ஞாயிறு ஐந்தரை மணிக்குப் பெரும்பாக்கம் பேருந்து நிலையத்தின் அருகே நிற்போம். வராமல் போன நான்கு பேரில் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் தோழர்கள், உங்களிடம் சைக்கிள் இருந்தால் வாருங்கள். எங்களிடம் காற்றடிக்கும் பம்பு ஒன்றுதான் இருக்கிறது. கூடுதலாக ஒன்று இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். பில் தேவையில்லை.